மாடுலர் கிச்சன் போடப் போறீங்களா? கலரை விடுங்க, முதல்ல இந்த 5 விஷயத்தைப் பாருங்க!

ஷோரூமில் பார்க்கும்போது எல்லா மாடுலர் கிச்சனும் பளபளன்னுதான் இருக்கும். ஆனால், இரண்டு மழைக்காலம் போன பிறகு சிங்க்குக்கு அடியில் பலகை உப்பி, கதவு தொங்க ஆரம்பித்தால் போட்ட பணம் வீண். கேபினெட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது வெளியே தெரியும் கதவு இல்லை. உள்ளே இருக்கும் பெட்டிதான். அப்படியென்றால் எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

1. ஏற்கெனவே கடப்பா கல் இருக்கா?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல்லில் தடுப்பும் தட்டும் கட்டியிருப்பார்கள். அதை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. கல் தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது. ஃப்ரேம் அடித்து கதவு மட்டும் போட்டாலே கிச்சன் புதுசு மாதிரி ஆகிவிடும். குறைந்த பட்ஜெட்டுக்கு இதுதான் பெஸ்ட்.

வாடகை வீடு என்றால் சுவரோடு பிணைக்கும் கேபினெட் வேண்டாம். காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகக்கூடிய ஸ்டீல் ரேக், டிராலி போதும்.

2. பெட்டிக்கு எந்த மெட்டீரியல்?

* பார்ட்டிகிள் போர்டு: விலை குறைவு. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். ஒருமுறை கழன்ற ஸ்க்ரூ மறுபடி சரியாகப் பிடிக்காது.
* எம்.ஆர் பிளைவுட்: காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும்; தேங்கும் தண்ணீரைத் தாங்காது. மேல் கேபினெட்டுக்கு ஓகே.
* பி.டபிள்யூ.பி பிளைவுட்: 'மரைன் பிளை' என்று சொல்வது இதைத்தான். ஐ.எஸ். 710 தரம். சிங்க் பகுதிக்கு ஏற்றது.
* பி.வி.சி: தண்ணீர், கரையான் பயம் இல்லை. ஆனால் கிரைண்டர், அரிசி டப்பா போன்ற கனமான பொருளை வைத்தால் தட்டு வளையலாம். அடுப்புச் சூடும் ஆகாது.
* அலுமினியம்: கரையான் வராது, கழுவலாம். இடி பட்டால் நசுங்கும்.

பிளைவுட் வாங்கும்போது பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருக்கான்னு பாருங்க. அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

3. பட்ஜெட் கணக்கு எப்படி?

10 அடி நீள கிச்சன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழ் கேபினெட் 2.5 அடி உயரம் என்றால் 25 சதுர அடி. மேல் கேபினெட் 2 அடி என்றால் 20 சதுர அடி. மொத்தம் 45.

நல்ல பிளைவுட்டுக்கு சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முழு கிச்சனுக்கும் 13,500 ரூபாய் அதிகமாகும். அதையே சிங்க் இருக்கும் 3 அடிக்கு மட்டும் மாற்றினால்? 7.5 சதுர அடிதான், 2,250 ரூபாயில் முடிந்துவிடும். கையில் பணம் குறைவு என்றால் தண்ணீர் படும் இடத்தில் மட்டும் தரத்தைக் கூட்டுங்கள்.

4. கதவுக்கு எந்த ஃபினிஷ்?

தினமும் தாளிக்கிற வீட்டுக்கு மேட் லேமினேட் நல்ல சாய்ஸ். விலையும் கட்டுப்படும், துடைப்பதும் சுலபம். அக்ரிலிக் கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் கீறலும் கைரேகையும் பளிச்சென்று தெரியும். மெம்ப்ரேன் கதவு அடுப்புப் பக்கம் இருந்தால் சூட்டில் உரிய வாய்ப்பு உண்டு. கோடு கோடாக டிசைன் வெட்டிய கதவில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும் என்பதையும் மறக்காதீங்க.

5. சிலிண்டர் எங்கே?

இது அழகு விஷயம் இல்லை, உயிர் விஷயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழேயே தேங்கும். சிலிண்டரை மூடிய கேபினெட்டுக்குள் வைத்தால் கசிவு வெளியே தெரியாமலே போகலாம். சிலிண்டர் இருக்கும் பகுதியில் தரையை ஒட்டிக் காற்றோட்டத் துளைகள் கட்டாயம் வேண்டும். ரெகுலேட்டரை சட்டென்று கை நீட்டி மூடும்படியும் இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்க:

* ரேட், கதவின் சதுர அடிக்கா, ஓடும் அடிக்கா?
* ஜிஎஸ்டி, கூடை, கீல், ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்த்தா, தனியா?
* பலகையின் தரம், தடிமன் கொட்டேஷனில் எழுதியிருக்கா?
* வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றிலும் எட்ஜ் பேண்ட் ஒட்டுவார்களா?
* தரையில் படாமல் 4 அங்குலக் கால்கள் உண்டா? கிச்சனைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

வாயால் சொல்வதை நம்பாமல், இவை அனைத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகு கலர் செலக்ட் பண்ணுங்க.