சுமங்கலித் திட்டம்

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள், இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலை வாங்கிய முறை சுமங்கலித் திட்டம் எனப்படுகிறது. 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் நோட்டீஸ் அடித்தார்கள். விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு வட்டாரத்தில் 'கேம்ப் கூலி' என்று பெயர். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி 2000-களில் இது வேகமாகப் பரவியது.

1888-இல் ஸ்டேன்ஸ் மில்லுடன் தொடங்கியது கோவையின் பஞ்சாலை வரலாறு. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, கூடவே சங்கங்களும் வலுத்தன. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதை இங்குள்ள தொழிற்சங்கங்கள் இன்றும் நினைவுகூர்கின்றன. பிற்காலத்தில் எழுந்த புதிய நூற்பாலைகள் நிரந்தரத் தொழிலாளியையும் சங்கத்தையும் தவிர்க்கவே விரும்பின. தேனி, விருதுநகர், திருநெல்வேலி போன்ற மாவட்டங்களின் வறண்ட ஊர்களுக்கு ஏஜென்ட்டுகள் போனார்கள். வரதட்சணைக் கவலையில் இருந்த பெற்றோரிடம், மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கிடைக்கும் என்றார்கள். வந்தவர்களில் தலித் குடும்பத்துப் பெண்கள் ஏராளம்.

திட்டத்தின் சூட்சுமம் அந்த மொத்தத் தொகையில்தான் இருந்தது. அது அன்பளிப்பு அல்ல. மாதாமாதம் பிடித்துவைத்த உழைப்பின் விலை. இரண்டரை ஆண்டில் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காது. கிடைக்காது என்ற பயமே அவளை ஷிப்டில் நிறுத்தியது. வெளியே போகவும் போனில் பேசவும் விடுதியில் கட்டுப்பாடு இருந்ததால் புகார் எழுவதே அரிது.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி, கூலிக் காலம் முடிந்த சில நாட்களுக்குள் ஊதியம் கைக்கு வந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்வது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றாண்டு முழுக்க 'அப்ரண்டிஸ்' என்றே பதிவேட்டில் எழுதிவைத்ததன் காரணம் இப்போது விளங்கும். ஒரு சில மாதத்தில் கற்றுவிடக்கூடிய வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி என்பது வெறும் சாக்கு.

2011-இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை வெளிநாட்டு ஆடை நிறுவனங்களைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. மகளிர் விடுதிகளைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் மாநிலச் சட்டம் 2014-இல் வந்தது. பிறகு சுமங்கலி என்ற பெயரை விளம்பரத்தில் காண்பது அரிதாயிற்று; விடுதி முறை தொடர்கிறது. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். மொழி தெரியாததால் அவர்கள் நிலை இன்னும் கடினம்.

2021-இல் திண்டுக்கல் அருகே ஆடைத் தொழிலாளி ஒருவர் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதையடுத்து, 2022 ஏப்ரலில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 29 பழைய மத்தியச் சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளன. இவற்றின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கும் பணிக்கொடை உண்டு. வேலையை விட்டு விலகுபவரின் ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்தாக வேண்டும்.