கற்பூரப் பந்து

மேஜைப் பந்தாட்டத்தில் உபயோகித்த பழைய செல்லுலாயிட் பந்து ஒன்று உடைந்துபோனால், தூக்கி எறிவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கற்பூரம் மணக்கும். எங்கள் காரைக்காலில் இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அம்மையார் சந்நிதியில் தட்டில் எரிகிற கற்பூரத்துக்கும் பையன்கள் மேஜைமேல் தட்டி விளையாடுகிற பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் உண்டு. அந்தக் கற்பூரம் இல்லாவிட்டால் இந்த ஆட்டமே வேறு மாதிரி போயிருக்கும்.

கதை யானையில் ஆரம்பிக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் பந்துகளைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஆடுகிறவர்கள் பெருகினார்கள், யானைகள் பெருகவில்லை. 1863-ல் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் சாமான் விற்ற ஒரு கம்பெனி, தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பதினாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையட் என்ற அச்சுத் தொழிலாளி அந்த ஆசையில் இறங்கி, அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சோடு கற்பூரத்தைச் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்துப் பார்த்தார். 1870-ல் அதற்கு உரிமை பெற்றார். அதுதான் செல்லுலாயிட். யானையின் இடத்தை அது சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் சீப்பாயிற்று, பொம்மையாயிற்று, சினிமாச் சுருளாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் சீமான்கள் இராச் சாப்பாடு முடிந்ததும், சாப்பிட்ட மேஜையிலேயே டென்னிஸ் ஆடிப் பார்த்தார்கள். ரப்பர் பந்து கட்டுக்கு அடங்காமல் துள்ளிற்று. தக்கைப் பந்தோ எழும்பவே மறுத்தது. 1900-ஐ ஒட்டி ஜேம்ஸ் கிப் என்ற ஆங்கிலேயர், அமெரிக்காவில் செல்லுலாயிட் விளையாட்டுப் பந்துகளைக் கண்டு, அவை இதற்குப் பொருந்தும் என்று கண்டுகொண்டார். தோல் போர்த்திய மட்டையில் பட்டால் 'பிங்', மேஜையில் பட்டால் 'பாங்'. 'பிங்பாங்' என்ற பெயரே அந்தச் சத்தத்தை ஒட்டியதுதான்.

அந்தச் சத்தம் வெறும் அலங்காரம் அல்ல. தேர்ந்த ஆட்டக்காரன் பாதியைக் கண்ணால் ஆடினால் பாதியைக் காதால் ஆடுகிறான். பந்து மட்டையில் பட்ட ஒலியிலிருந்தே அடியின் வேகத்தையும் சுழற்சியையும் ஊகித்துவிடுவான். இதை உலகத்துக்குப் புரியவைத்தது நம் பம்பாய். 1952-ல் அங்கே நடந்த உலகப் பந்தயத்துக்கு ஜப்பானிலிருந்து ஹிரோஜி சாடோ என்பவர் வந்தார். அவருடைய மட்டையில் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. அடித்தால் ஓசையே இல்லை. ஐரோப்பிய வீரர்கள் காது இழந்தவர்கள்போல் தடுமாறினார்கள். சாடோ சாம்பியன் ஆனார். பந்து அதே பந்துதான். அது பேசுவதை நிறுத்தியதுதான் வித்தியாசம்.

பந்தையே மாற்றினால் என்ன ஆகும் என்பது பின்னால் தெரிந்தது. ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்த மட்டைகள் பந்தைப் பம்பரமாகச் சுழற்றின. ஆட்டம் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு எட்டாத வேகத்துக்குப் போயிற்று. ஆகவே சர்வதேச மேஜைப் பந்தாட்டச் சம்மேளனம், 2000-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து 38 மில்லி மீட்டர் பந்தை 40 மில்லி மீட்டர் ஆக்கியது. எடை 2.5 கிராமிலிருந்து 2.7 கிராம் ஆயிற்று. இரண்டு மில்லி மீட்டர் என்பது ஒரு நெல்லின் அகலம்கூட இல்லை. ஆனால் பெரிய பந்தைக் காற்று அதிகமாகத் தடுக்கும். அதே அளவு தேய்த்து அடித்தாலும் அது குறைவாகவே சுழலும். சுழற்சியையே நம்பி வளர்ந்த கைகளுக்கு அது பெரிய அடி.

பிறகு 2014 ஜூலையில் கற்பூரத்துக்கே விடை கொடுத்தார்கள். செல்லுலாயிட் சட்டென்று தீப்பிடிக்கும் சாமான். கப்பலிலும் விமானத்திலும் அனுப்புவது தொல்லை. சினிமாக்காரர்கள் அதே ஆபத்துக்குப் பயந்து 1950-களிலேயே பழைய சுருளைக் கைவிட்டார்கள். பந்துக்காரர்களுக்கு இன்னும் அறுபது வருஷம் பிடித்தது. புதிய பிளாஸ்டிக் பந்து ஒரு மயிரிழை பெரியது. சத்தம் மாறிற்று. சுழற்சி மேலும் குறைந்தது. முதலில் வந்தவை சீக்கிரம் உடைந்தன. மேஜைக்குத் தள்ளி நின்று, கீழ்நோக்கி வெட்டி வெட்டித் தடுத்து எதிரியைக் களைக்கச் செய்த ஆட்டக்காரர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். அருகில் நின்று பலமாக அடிப்பவர்களுக்கு லாபம்.

தீ விபத்து வேண்டாம் என்பதை யார் மறுக்க முடியும்? மாறுதல் நியாயமானதுதான். ஆனால் நியாயமான மாறுதலுக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவை நன்றாகப் பழகிய கைகள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்கு வாக்களித்திருந்தார்கள். வேண்டிப் பெற்ற நல்ல காரியம். ஆயினும் பிரெஞ்சு மொழியில் தஸ்தாவேஜு எழுதியே விரல் தேய்ந்த ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். நாற்பது வயதுக்குமேல் அவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய கெட்டிக்காரத்தனம் எங்கும் போய்விடவில்லை; அதற்குச் செலாவணி இல்லாமல் போயிற்று.

தொடங்கி ஜெயித்தவர்களும் உண்டு. சென்னையில் 1982-ல் பிறந்த சரத் கமல், தந்தை சீனிவாச ராவிடம் ஆட்டம் கற்றது 38 மில்லி மீட்டர் பந்தில். பதினெட்டு வயதில் பந்து பெரிதாயிற்று. அடுத்த வருஷம் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகச் சுருங்கிற்று. அவர் 2006-ல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கியது செல்லுலாயிட் பந்தில். முப்பத்திரண்டு வயது நிறையும் தறுவாயில் பிளாஸ்டிக் வந்தது. கால் தளரத் தொடங்கும் அந்த வயதில் மறுபடி கை பழகி, 2022-ல் பர்மிங்காமில், நாற்பதாவது வயதில், அதே தங்கத்தைப் பிளாஸ்டிக் பந்தில் வாங்கினார். தேசிய சாம்பியன் பட்டம் பத்து முறை. 2025 மார்ச்சில் சென்னையிலேயே ஆடி விடைபெற்றார். அவர் சாதனையைப் பேசுகிறவர்கள் பதக்கங்களை எண்ணுகிறார்கள். நானோ பந்துகளை எண்ணுகிறேன். மூன்று பந்துகளுக்கு ஒரே கையைப் பழக்குவது, மூன்று ஆட்டங்களைக் கற்பதற்குச் சமானம்.

ஆனால் சரத் கமல் ஒருவர். அவருக்குத் தந்தை வீட்டிலேயே ஆசானாக இருந்தார். ஜில்லாப் பந்தயத்தில் ஒரு கோப்பை வாங்கி, அடுத்த வருஷம் பந்து மாறியதும் தன் அடி ஏன் வலையில் விழுகிறது என்று தெரியாமல், தனக்குத் திறமை வற்றிவிட்டது என்று நினைத்து மட்டையைப் பரண்மேல் போட்ட பையன்கள் எத்தனை ஊரில் எத்தனை பேரோ! அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: "தம்பி, உன் கை கெடவில்லை. பந்துதான் வேறு."