தேடல் வடிகட்டி பிறந்த கதை

1978இல் ஆக்ஸ்ஃபோர்டில் தாய்சேய் நல ஆய்வுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தலைவர் அயன் சால்மர்ஸும் உடனிருந்தவர்களும் மருத்துவ இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினார்கள். எந்தத் தாய்க்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து நடத்திய சோதனைகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பதிவேடு ஒன்றை உருவாக்கினார்கள்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் தரவுத்தளமான மெட்லைன், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தில் 1971 முதலே இயங்கிவந்தது. பிறகு ஏன் கையால் புரட்ட வேண்டும்? ஆய்வாளர் கே டிக்கர்சினும் சால்மர்ஸ் குழுவினரும் 1985இல் பதிவேட்டையும் மெட்லைனையும் ஒப்பிட்டார்கள். பதிவேட்டிலிருந்த சோதனைகளில் பல மெட்லைன் தேடலில் சிக்கவில்லை. நோய் எது, மருந்து எது என்று நூலகம் குறித்து வைத்திருந்தது; ஆய்வு எந்த முறையில் நடந்தது என்பதற்குச் சரியான குறிப்பு இல்லை. குலுக்கல் முறைச் சோதனைக்கென்று தனி வகைக்குறி 1991இல்தான் வந்தது.

இதை நூலகத்துக்குள் முடிகிற சிக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை. குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவது குழந்தையின் உயிரைக் காக்கும் என்று 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் காட்டினார்கள். அடுத்தடுத்த சோதனைகள் ஆளுக்கொரு இதழில் சிதறிக் கிடந்தன. அவற்றை யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்காத காலத்தில், பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தார்கள்.

அப்படி ஒன்றுசேர்த்துப் பார்ப்பதற்கென 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரேன் மையம் திறந்தது. 1994இல் டிக்கர்சின், ஷெரர், லெஃபெவர் மூவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏற்கெனவே தெரிந்த சோதனைகளில் சராசரியாகப் பாதியைத்தான் மெட்லைன் தேடல்கள் பிடித்தன என்றது அது. மாற்றாக அவர்கள் தந்த சொற்கோவை, வேண்டிய வகை ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுக்கும் இன்றைய தேடல் வடிகட்டிகளின் முன்னோடிகளில் ஒன்று. தலைப்பிலோ சுருக்கத்திலோ 'ரேண்டம்' (குலுக்கல்), 'பிளாசிபோ' (போலி மருந்து) என்று வந்தால் எடு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத சோதனையைக் குறிக்கும் 'டபுள் பிளைண்ட்' என்றாலும் எடு, 'டபுள் மாஸ்க்' என்றாலும் எடு. கண் மருத்துவ ஆய்வுகளில், பார்வையின்மையையும் குறிக்கும் 'பிளைண்ட்' என்ற சொல்லை எழுதத் தயங்கி 'மாஸ்க்' என்பார்கள். அந்த வழக்கம் தெரிந்தவர்கள் கோத்த வரி இது.

எனக்கு மிகவும் பிடித்தது விலங்காய்வுகளை நீக்கும் வரி. 'மனிதர்' என்று குறியிட்டவற்றை மட்டும் கேட்டால், குறியிடாமல் விடுபட்ட கட்டுரைகள் தொலைந்துபோகும். அதனால் விலங்குக்குறி இருந்து மனிதக்குறி இல்லாதவற்றை மட்டும் கழித்தார்கள். இரண்டு குறியும் உள்ளவை தங்கின, எந்தக் குறியும் இல்லாதவையும் தங்கின.

காக்ரேன் தன்னார்வலர்கள் புரட்டிக் கண்டெடுத்த சோதனைகளின் பட்டியல் நூலகத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான பழைய பதிவுகள் புதுக்குறி பெற்றன. 2006இல் லெஃபெவரும் உடன்பணியாற்றியவர்களும் வடிகட்டியை மறுபடி சோதித்தபோது, பழைய சொற்கள் பலவற்றுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பின் வந்த காக்ரேன் வடிவத்தில் விலங்கு வரி நிற்கிறது. 'பிளைண்ட்', 'மாஸ்க்' இரண்டும் இல்லை.