கையும் கைத்தொழிலும்

எலவனாசூர்கோட்டைக்கு மேற்கே கல்வராயன் மலை. அதையும் ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளியையும் தாண்டினால் கொல்லிமலை. மலை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேனும் கடுக்காயும்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு டாக்டரும் நினைவுக்கு வருகிறார். 1914-இல் கொல்லிமலையில் ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் மகனாகப் பிறந்த பால் பிராண்ட் அவர். டாக்டராவதற்கு முன்னால் லண்டனில் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகியவர். பின்னால் அவர் செய்த காரியத்துக்கு இந்தத் தச்சுப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1946-இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அங்கே கண்டார். நோய் விரலை அரித்துத் தின்றுவிடுகிறது என்பதுதான் அக்காலத்து நம்பிக்கை. உண்மை வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால் கை மெள்ள மெள்ளத் தேய்கிறது. நல்ல தசை ஒன்றின் நாணை விரலோடு இணைத்து, மடங்கிய விரலை நிமிரச் செய்தார் பிராண்ட்.

கை நிமிர்ந்தது, வயிறு நிறைந்ததா? ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போன ஒருவர் திரும்பி வந்து முறையிட்டாராம். கோணல் கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. நோய்க்காரன் என்று வேலை கொடுப்பாரும் இல்லை! கத்தியால் தீராத இந்தக் குறைக்காக 'நவ ஜீவ நிலையம்' ஏற்பட்டது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். கையில் புண் கண்டால், எந்தக் கருவியால் எப்படி வந்தது என்று துருவிப் பார்த்தார்கள். உணர்ச்சியற்ற உள்ளங்கைக்கு ஏற்றபடி கருவியின் பிடியை மாற்றினார்கள்.

வேலையையே மருந்தாக்கும் இந்த வித்தைக்கு மேல்நாட்டார் முன்பே ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்று நாம் சொல்லலாம். யுத்தத்தில் வளர்ந்தது அது. முதல் உலக யுத்தத்தில், காயம்பட்ட சிப்பாய்களுக்கு நெசவும் மர வேலையும் சொல்லிக் கொடுக்க அமெரிக்க ராணுவம் பெண்களை நியமித்தது. ஆனால் அவர்களுக்கு ராணுவப் பதவி தரவில்லை. இந்தத் தொழிலில் இருந்த பெண்களுக்கு அந்த அந்தஸ்து 1947-இல்தான் கிடைத்தது.

நம் நாட்டில் இதைக் கல்வியாக்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, 1930-இல் ஒரு மராட்டியரை மணந்து இந்தியரானவர். பிறகு இந்தச் சிகிச்சையை முறையாகப் படித்து, 1950-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பள்ளி தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் உலகச் சம்மேளனத்தைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

வேலூரிலும் காரியம் வளர்ந்தது. 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

எங்கள் பக்கத்தில், பக்கவாதத்தில் கை விழுந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து வேளாவேளைக்குச் சோறு போடுவோம். அதில் குறை வைக்க மாட்டோம். ஆனால் அந்தக் கையால் ஒரு முழம் கயிறாவது திரிக்க முடியுமா என்று அவரைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். தம் கையால் ஒரு காரியம் ஆகிறது என்று தெரிந்தால், திண்ணையில் இருப்பவர் தாமாகவே எழுந்திருக்கப் பார்ப்பார்.