கம்பெனி சாமான்

1955 டிசம்பரில் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரிலிருந்த வின்சென்ட் தொழிற்சாலை தன் கடைசி மோட்டார் சைக்கிளைக் கட்டி முடித்தது. 1966-ல் மேட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ். வண்டிகளைச் செய்துவந்த ஏ.எம்.சி. நிறுவனம் நொடித்தது. மறுவருடம் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1971 பிப்ரவரியில் பர்மிங்ஹாமின் வெலோசெட், 1973-ல் அதே நகரின் பி.எஸ்.ஏ. உலகுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் விற்ற ஒரு தேசம் இருபதே ஆண்டுகளில் அத்தொழிலை ஏறத்தாழ முழுவதுமாக இழந்தது.

இவ்வீழ்ச்சியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஜப்பானியப் போட்டி, நிர்வாகங்களின் மெத்தனம், மலிவு விலைச் சிறு கார்கள் என்று காரணங்கள் அலசப்பட்டுவிட்டன. அதிகம் எழுதப்படாதது, அதற்குப் பின் வந்த இரண்டாவது மூடல். தொழிற்சாலை போன பிறகும் அதன் வண்டிகளுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் உதிரிபாகம் கொடுத்துவந்த கடைகள் ஒவ்வொன்றாகச் சத்தமின்றி மூடப்படுவதைச் சொல்கிறேன். முதல் மூடலுக்குச் செய்தித்தாளில் தலைப்பு கிடைத்தது. இரண்டாவதற்குக் கடைக்கதவில் ஒட்டிய ஒரு காகிதம்.

நம்மூர் மெக்கானிக்குகள் உதிரிபாகம் என்று சொல்வதில்லை, சாமான் என்பார்கள். அதிலும் கம்பெனி சாமான், லோக்கல் சாமான் என்று இரண்டு சாதி. கம்பெனியே இல்லாமல் போன ஒரு வண்டிக்குக் கம்பெனி சாமான் என்பது என்ன? நான் எழுத வந்த வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உதிரிபாகக் கடை என்பது சரக்கு அடுக்கிய அலமாரிதான். கடை மூடினால் சரக்கை வேறொருவர் வாங்கிக்கொள்வார், அவரிடம் போனால் ஆயிற்று என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. ஏன் என்பதை ஒரு மரையிலிருந்து தொடங்கினால் விளங்கும்.

ஜோசப் விட்வொர்த் 1841-ல் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. பின்னர் சைக்கிள் தொழிலுக்கென்று நுண்ணிய மரை ஒன்று தனியே வந்தது. அதன் கோணம் 60 பாகை, பெரும்பாலான அளவுகளில் அங்குலத்துக்கு 26 புரி. சைக்கிள் பட்டறைகளிலிருந்து முளைத்த மோட்டார் சைக்கிள் தொழில் இந்த மரையையும் கூடவே கொண்டுவந்தது. 1948-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் பொது மரைக்கு ஒப்புக்கொண்டபின்னும், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் அறுபதுகளின் இறுதிவரை பழைய மரைகளை விடவில்லை. ஒரே எஞ்சினில் இரண்டு மூன்று வகை மரைகள் இருப்பது சாதாரணம். தெருமுனைக் கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். இரண்டு சுற்று உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் எஞ்சின் உறையின் அலுமினிய மரையைத் தின்றுவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண்கூட அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை, அது பூட்டும் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. தெரியாதவர் கையில் அந்த எண்ணே தவறான வழிகாட்டி.

இது வெறும் போல்ட்டின் கதை. பிஸ்டன், வால்வு, கியர்ச் சக்கரம் என்று போனால் சிக்கல் பன்மடங்காகும். ஒரே பெயரில் பத்தாண்டுகள் விற்ற வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு. அவற்றில் சில பாகப் புத்தகத்தில் ஏறியிருக்கும், சில ஏறாமல் விடப்பட்டிருக்கும். எண்ணைச் சொன்னால் சாமானை எடுத்துக் கொடுப்பவன் விற்பனையாளன். நல்ல கடைக்காரர் எண்ணைக் கேட்டதும் எடுக்கமாட்டார். எஞ்சின் எண் என்ன, எந்த வருடம், முன்பு யாராவது கியர் பெட்டியை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்பார். பிறகு, நீங்கள் கேட்டதல்ல உங்களுக்கு வேண்டியது என்பார். தான் விற்கவேண்டிய சாமானை விற்க மறுக்கும் இந்தக் குணத்துக்குத்தான் நம்பிக்கை என்று பெயர். அது வரவு செலவுப் புத்தகத்தில் பதிவாவதில்லை. ஆகவே கடை கைமாறும்போது அதுவும் கூடவே கைமாறுவதில்லை.

இக்கடைகள் எப்படித் தோன்றின என்பதும் பார்க்கத் தக்கது. தொழிற்சாலை திவாலாகும்போது கிடங்குச் சரக்கு ஏலத்துக்கு வரும். ஒரு பகுதி எடைக்குப் போய் உலையில் விழும். அந்தக் காயலான் கடை விதியிலிருந்து தப்பியதைப் பழைய டீலர்களும், அத்தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர்களும், அந்த வண்டியின் மேல் பித்துக்கொண்ட யாரோ ஒருவரும் வாங்கி வைத்தார்கள். வாங்கியபோது அது யாருக்கும் வேண்டாத சரக்கு. பதினைந்து ஆண்டுகளில் அதே வண்டிகள் 'பழம்பெரும் வண்டிகள்' ஆயின. கடைக்காரருக்கு அப்போது நாற்பது வயது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுபதைத் தாண்டிவிட்டார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வேகமாக விலைபோகும் நூறு சாமான்களை வாங்க ஆள் உண்டு. ஆண்டுக்கு ஒருவர் கேட்டு வரும் ஐயாயிரம் சாமான்களை யார் வாங்குவார்? ஆனால் அந்த ஐயாயிரத்தில் ஒன்று இல்லாததால்தான் வண்டி நிற்கும்.

கையிருப்பு தீர்ந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாமே என்றால், செய்யலாம்தான். செய்கிறார்கள். இங்கே ஓலைச்சுவடி பற்றி அறிந்த வாசகர்களுக்கு ஓர் ஒப்புமை உதவும். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர்முன் இருந்தவை மூல ஏடுகள் அல்ல, பிரதிக்குப் பிரதி எடுத்தவை. எழுதியவர் கைப்பிழை அடுத்தவர் கையில் பாடமாகிவிடும். உதிரிபாகத்திலும் அதுவே நடக்கிறது. தொழிற்சாலை வரைபடம் கிடைக்காதபோது பழைய பாகம் ஒன்றை அளந்து புதியதைக் கடைகிறார்கள். அளந்த பாகம் முப்பது வருடம் தேய்ந்ததாக இருந்தால், தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும். அதன் பிரதி இன்னும் சற்று விலகும். ஆயிரத்தில் இரண்டு அங்குலம் என்பது கதவுக் கீலுக்கு ஒன்றுமில்லை, பிஸ்டனுக்கு உயிர்போகும் விஷயம். லோக்கல் சாமான் என்று மெக்கானிக் முகம் சுளிப்பது விலையை வைத்தல்ல, இந்தப் பாடபேதத்தை வைத்துத்தான். எது மூலபாடத்துக்கு நெருங்கியது என்று அறிய நான்கு பிரதிகளையும் கையாண்ட ஒருவர் வேண்டும். மூடப்படும் கடையில் நாற்பது வருடமாக நின்றவர் அவர்தான்.

ஆக, ஓர் ஆளின் தலைக்குள் இருப்பதை அந்த ஆளுக்குப் பின்னும் நிற்கும்படி செய்ய முடியுமா? செய்தவர்கள் உண்டு. ஸ்டீவனேஜ் வண்டியின் கதை அப்படிப்பட்டது.

பிலிப் வின்சென்டும் ஆஸ்திரேலியரான ஃபில் இர்விங்கும் சேர்ந்து உருவாக்கிய ஆயிரம் சி.சி. வண்டி அக்காலத்தின் அதிவேக வண்டி. 1948-ல் ரோலி ஃப்ரீ என்ற அமெரிக்கர், காற்றின் தடையைக் குறைக்க நீச்சலுடை மட்டும் அணிந்து வண்டியின்மேல் குப்புறப்படுத்தபடி, பான்வில் உப்பளத்தில் மணிக்கு 150 மைலைத் தாண்டிய புகைப்படத்தைப் பலர் பார்த்திருக்கக்கூடும். அதே 1948-ல் நடந்த மற்றொன்றுக்குப் புகைப்படப் புகழ் இல்லை: வின்சென்ட் உரிமையாளர் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலை நின்றபின் பாகங்களை வேறொரு பொறியியல் நிறுவனம் சிறிது காலம் கொடுத்துவந்தது. அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்று கண்ட சங்கத்தார் 1975-ல் தாங்களே பங்கு போட்டு ஓர் உதிரிபாகக் கம்பெனி ஏற்படுத்தினார்கள். இன்று ஏறத்தாழ ஒரு முழு வண்டியையே புதிதாகக் கட்டிவிடும் அளவுக்குப் பாகங்கள் அங்கே கிடைக்கின்றன. வண்டி செய்த கம்பெனி முப்பதாண்டுகளுக்குள் வண்டி செய்வதை நிறுத்தியது, சாமான் செய்யும் கம்பெனி அதைவிட நெடுங்காலம் நிற்கிறது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது, எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவரிடம் இருந்த பாகங்களை மட்டுமல்லாமல், ஒருவரிடம் இருந்த பொறுப்பையும் பலர் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்ட செயல் அது.

ட்ரயம்ஃபின் கதையில் வேறொரு விசித்திரம். மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக 1973-ல் அறிவிப்பு வந்ததும் தொழிலாளர்கள் வாசலை மறித்தார்கள். 1975 முதல் கூட்டுறவாக நடத்தினார்கள். 1983-ல் அதுவும் முடிந்தது. பெயரை வாங்கிய ஜான் ப்ளூர் உடனே வண்டி செய்யவில்லை. 1985 முதல் 1988 வரை பான்வில் வண்டிகளை உரிமம் பெற்றுக் கட்டியவர் லெஸ் ஹாரிஸ், டெவன் பகுதியின் நியூட்டன் ஆபட் ஊரில் ட்ரயம்ஃபுக்கு உதிரிபாகம் செய்துவந்தவர். சாமான் கடை தொழிற்சாலையாகி மூன்று ஆண்டுகள் பெயரைக் காப்பாற்றியது.

ஆனால் இவ்வரிசையில் நமக்கு அருகிலிருப்பது என்ஃபீல்ட். ரெட்டிச் ஊசி செய்யும் ஊர். என்ஃபீல்டின் முன்னோடி நிறுவனமும் ஊசித் தொழிலிலிருந்து வந்ததுதான். கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1949 முதல் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்துவந்தது. இந்திய ராணுவம் புல்லட் கேட்டது. 1955-ல் ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்ட் இந்தியா உருவானது. மறுவருடம் திருவொற்றியூரில், கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி 163 புல்லட்டுகள் கட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்தில் அந்தப் பழைய புல்லட் நிறுத்தப்பட்டதும் ஏறத்தாழ அதே சமயம்தான்.

ரெட்டிச் மூடப்பட்டபின் கடைசி வண்டிகள் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் அருகே ஒரு பழைய கல்குவாரியின் நிலவறையில் 1970 வரை கட்டப்பட்டன. அதன்பின் இங்கிலாந்தில் புல்லட் வைத்திருந்தவருக்குக் கம்பெனி சாமான் செய்யும் கம்பெனி சென்னையின் வடகோடியில் இருந்தது. 70 மி.மீ. குறுக்களவு, 90 மி.மீ. வீச்சு, வார்ப்பிரும்பு சிலிண்டர், தனித்து நிற்கும் ஆல்பியன் வகை நான்கு கியர் பெட்டி, குதிகாலால் மிதிக்கும் நியூட்ரல் லீவர் என்று 1955-ன் வடிவம் இங்கே பெரிதாக மாறாமலே தொடர்ந்தது. பொருளாதார நிபுணர்கள் இதைத் தேக்கம் என்பார்கள். லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டியில்லை, ஆகவே மாற்றமில்லை. உண்மைதான். ஆனால் அந்தத் தேக்கத்தின் தயவால்தான் ரெட்டிச்சில் பிறந்த வண்டிக்குத் திருவொற்றியூரில் வார்த்த பாகங்கள் பலவும் பொருந்தின. 1977-ல் முழு வண்டிகளே இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. அவற்றுக்கென்று போன சாமான்கள், பழைய ஆங்கிலேய வண்டிகளையும் ஓடவைத்தன. பிரதி எடுத்தவர் கையில் பிழை ஏறுவது பற்றி முன்பு சொன்னேன். இங்கே மூல அச்சே கைமாறி வந்திருந்தது. தரம் எப்போதும் ஒரே சீராக இருந்ததென்று சொல்ல முடியாது. சாமான் கிடைத்தது, அதுவே பெரிது.

1994-ல் ஐஷர் குழுமம் நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 2008 முதல் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாய் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. சில ஆண்டுகளில் வார்ப்பிரும்பு எஞ்சினின் உற்பத்தி நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு முன்னால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. அதைக் குறை சொல்வதற்கும் இல்லை. 2013-ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை வந்தது. நிறுவனம் முன்னெப்போதையும்விட வலுவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய எஞ்சினைப் பொறுத்தவரை, ரெட்டிச்சில் 1962 வாக்கில் நடந்தது இங்கே அரை நூற்றாண்டு தாமதமாக நடந்திருக்கிறது. அதன் பாகங்களின் பொறுப்பு சிறுபட்டறைகளிடமும் தனிக்கடைகளிடமும் மெல்ல வந்து சேர்கிறது.

இந்த வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் வின்சென்ட் ஒரு கைப்பிடி. நம்மிடம் புல்லட் சங்கங்களுக்கும் பஞ்சமில்லை, பெரும்பாலும் லடாக் போய்வரும் சங்கங்கள். எந்த வருடத்துக் கிராங்க் எந்த வருடத்து உறைக்குள் உட்காரும், எந்தப் பட்டறையின் வால்வு தாங்கும், எதை வாங்கக்கூடாது என்பதெல்லாம் இப்போதும் புதுப்பேட்டையிலோ மதுரையிலோ ஒரு குறுகிய கடைக்குள், அறுபது வயதுக்காரர் ஒருவரின் நினைவில்தான் இருக்கிறது. கேட்டால் சொல்வார். தேய்ந்த சாமானைக் கையில் வாங்கி, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, "இது அறுபத்தெட்டு மாடல், உங்க வண்டிது இல்லையே தம்பி" என்பார்.