3,400 மணி நேரம்: வடசென்னைச் செவிலியர் முதுநிலைப் படிப்பைத் திட்டமிடுவது எப்படி?

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகச் செவிலியர் பணிக்குள் நுழைந்த தலித் பெண்கள் பலர். வார்டுகளில் அவர்களைக் காண்கிறோம். செவிலியர் கல்லூரியின் ஆசிரியர் அறையில், வினாத்தாள் அமைக்கும் குழுவில், ஆய்வு நெறியாளர் இருக்கையில் அவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. செவிலியர் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் தொடங்கி முதல்வர் வரையிலான எல்லாப் பதவிகளுக்கும் எம்.எஸ்சி. நர்சிங் பட்டமே வாயில். அந்த வாயிலைக் கடப்பதற்கு மதிப்பெண் மட்டும் போதாது. பணம், நேரம், விடுப்பு, சான்றிதழ், பயணம் ஆகிய ஐந்தும் ஒரே ஆண்டில் ஒன்றுகூட வேண்டும்.

இக்கட்டுரை அப்படிப்பின் அமைப்பையும் அதைத் திட்டமிடும் முறையையும் தொகுத்துத் தருகிறது. திட்டமிடலைத் தனிமனிதச் சாமர்த்தியமாக நாம் பார்க்கவில்லை. யாருடைய வாழ்க்கையை மனத்தில் கொண்டு இக்கால அட்டவணை வரையப்பட்டது என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

தீட்டாகக் கருதப்பட்ட தொழில்

குருதி, சீழ், மலம், பேறுகாலக் கழிவு ஆகியவற்றைத் தொடுவது இழிவு என்று சாதிச் சமூகம் வகுத்து வைத்தது. அத்தகைய பணிகளை அது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களிடம் ஒப்படைத்தது. நவீன மருத்துவமனை வந்தபோது செவிலியர் பணியும் அதே கண்ணோட்டத்தைச் சுமந்தது. மிஷனரி மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற கிறித்தவப் பெண்களே தொடக்கத்தில் இத்தொழிலைத் தாங்கி நின்றனர்.

பல்கலைக்கழகப் பட்டமாக இக்கல்வி மாறியது 1946-இல். தில்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவ்வாண்டு பட்டப்படிப்பு தொடங்கியது. முதுநிலைப் படிப்பு 1959-இல் தில்லியில் தொடங்கியது. தொழில் மதிப்புப் பெறப் பெற, அதன் மேல்தளங்களில் யார் அமர்கிறார்கள் என்பதும் மாறியது. அடித்தளத்து உழைப்பு நம்முடையதாகவும் மேல்தளத்து அறிவு பிறருடையதாகவும் இருப்பதை இயல்பென்று ஏற்க இயலாது.

வடசென்னைக்கு இதில் தனி வரலாறு உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782-இல் பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பசித்தவருக்கான இடமாகத் தொடங்கிய அவ்வளாகம் இன்று மருத்துவக் கல்வியின் பெருங்கூடம். பசித்தவரின் பேத்திகள் அங்கே படுக்கையோரத்தில் நிற்பதோடு நின்றுவிடலாமா?

தகுதி: முதலில் சரிபார்க்க வேண்டியவை

இந்திய செவிலியர் குழுமத்தின் விதிப்படி, எம்.எஸ்சி. நர்சிங் படிக்க விழைபவர் பதிவு பெற்ற செவிலியராகவும் பதிவு பெற்ற தாதியாகவும் இருத்தல் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தில் மொத்தம் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு பி.எஸ்சி. முடித்தவர் அதன் பிறகு ஓராண்டுப் பணி அனுபவம் பெற்றிருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் பட்டம் பெற்றவருக்கு அப்படிப்புக்கு முன்போ பின்போ பெற்ற ஓராண்டு அனுபவம் போதும்.

இந்த ஓராண்டு அனுபவம்தான் பலரின் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும் இடம். சிறிய நர்சிங் ஹோம்களில் நியமன ஆணை இல்லாமல், கையில் கூலியாகச் சம்பளம் வாங்கிப் பணிபுரிந்தவருக்கு அனுபவச் சான்று கிடைப்பது அரிது. எனவே பணியில் சேரும் நாளிலேயே நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வருவது நல்லது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஈடாக ஒப்படைக்கக் கூடாது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செய்த பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டத்தை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆணையத்தின் புதிய விதிகள் நடைமுறைக்கு வருகையில் சில நிபந்தனைகள் மாறக்கூடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டின் சேர்க்கை அறிவிக்கையையும் முழுமையாகப் படிப்பது கட்டாயம்.

இரண்டு ஆண்டுகளின் கணக்கு

குழுமத்தின் பாடத்திட்டம் ஓராண்டுக்கு 1,700 மணி நேரம் வீதம், இரண்டு ஆண்டுகளுக்கு 3,400 மணி நேரம் கோருகிறது.

முதலாம் ஆண்டில் நான்கு பாடங்கள்:

– செவிலியர் கல்வியியல்: வகுப்பு 150, செய்முறை 150 மணி நேரம்
– உயர்நிலைச் செவிலியர் நடைமுறை: 150, 200
– செவிலியர் ஆய்வும் புள்ளியியலும்: 150, 100
– சிறப்புப் பிரிவு, முதல் பகுதி: 150, 650

இரண்டாம் ஆண்டில்:

– செவிலியர் மேலாண்மை: 150, 150
– ஆய்வேடு: 300
– சிறப்புப் பிரிவு, இரண்டாம் பகுதி: 150, 950

தேர்வும் விடுமுறையும் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 43 வாரங்கள் எஞ்சும். அதாவது வாரத்துக்கு 40 மணி நேரம். இது முழுநேர வேலையின் அளவு. பகலில் படித்துவிட்டு இரவில் பணிக்குப் போகலாம் என்று எண்ணிச் சேர்பவர் முதல் பருவமழைக்குள் சோர்ந்துவிடுவார். வகுப்பு வருகை 80 விழுக்காடு இருந்தால் தேர்வெழுதலாம். செய்முறைப் பயிற்சியிலோ பட்டம் பெறுவதற்குள் நூறு விழுக்காட்டையும் நிறைவு செய்தாக வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு நாளையும் ஈடு செய்ய வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையை நாள்கணக்கில் மூழ்கடித்தது. வீட்டுக்குள் நீர் புகுந்த மாணவிக்கும், உயரமான பகுதியில் விடுதியில் தங்கிய மாணவிக்கும் வருகைப் பதிவேடு ஒன்றேதான். ஆகவே திட்டமிடும்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாள்கள் இழப்பாகும் என்று முன்கூட்டியே கருதி, பிற மாதங்களில் விடுப்பே எடுக்காமல் சேமித்து வைப்பது தேவையாகிறது. பேரிடர் நாள்களுக்கு ஈடுசெய் பயிற்சியைக் கல்லூரியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கோருவது மாணவர் அமைப்புகளின் கடமை.

எந்தச் சிறப்புப் பிரிவு?

ஐந்து பிரிவுகள் உள்ளன: மருத்துவ அறுவைச் செவிலியம், சமுதாய நலச் செவிலியம், மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ச் செவிலியம், குழந்தை நலச் செவிலியம், மனநலச் செவிலியம். சிறப்புப் பிரிவின் செய்முறை மட்டும் 1,600 மணி நேரம், அதாவது படிப்பின் ஏறத்தாழப் பாதி. தவறான பிரிவைத் தேர்ந்தால் அப்பாதி முழுவதும் சுமையாகும்.

வெளிநாட்டு வேலையையும் பெருமருத்துவமனை ஊதியத்தையும் நாடுவோர் மருத்துவ அறுவைப் பிரிவை விரும்புகின்றனர். அதில் பிழை இல்லை. ஆனால் சமுதாய நலப் பிரிவை ‘இடம் கிடைக்காதவர் எடுப்பது’ என்று ஒதுக்கும் மனப்பான்மையை நாம் ஏற்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கசிவு கொசஸ்தலை ஆற்றில் பரவியது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினர். இத்தனைக்கும் பிறகு இம்மக்களின் நுரையீரலையும் தோலையும் பேறுகாலத்தையும் மனத்தையும் பற்றி ஆராய்பவர் யார்? குடிசைப்பகுதிக்கு ஒருநாள் வந்து படிவம் நிரப்பிச் செல்பவரைவிட, அத்தெருவில் வளர்ந்தவர் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. மனநலம், குழந்தை நலம், மகப்பேறு ஆகிய பிரிவுகளிலும் இதே வாய்ப்பு உண்டு.

ஆய்வேட்டைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

ஆய்வு முன்மொழிவை முதலாம் ஆண்டின் ஒன்பதாம் மாத இறுதிக்குள்ளும், முழு ஆய்வேட்டை இரண்டாம் ஆண்டின் ஒன்பதாம் மாத இறுதிக்குள்ளும் அளிக்க வேண்டும் என்பது குழுமத்தின் கால வரையறை. இவ்விரு நாள்களையும் முதலில் நாள்காட்டியில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

முதல் இரண்டு மாதங்களில் தலைப்பை நெருங்குவது. நான்காம் மாதத்துக்குள் முந்தைய ஆய்வுகளைப் படித்து முடிப்பது. ஆறாம் மாதத்துக்குள் வினாப்பட்டியலைத் தமிழில் அமைப்பது. அதன்பின் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு விண்ணப்பிப்பது. ஆங்கிலக் கருவியைத் தமிழாக்கும்போது வடசென்னையின் பேச்சுவழக்கில் அது விளங்குகிறதா என்று பத்துப் பேரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

களப்பணிக்கான காலத்தை இப்பகுதியின் வாழ்வே தீர்மானிக்கும். மழைக்காலத்தில் தாழ்வான குடியிருப்புகளில் தரவு திரட்டுவது கடினம். ஜனவரி முதல் மார்ச் வரை உகந்தது. காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்களைச் சந்திக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. தூய்மைப் பணியாளர்களை விடியற்காலைப் பணி முடிந்த பின்னரே சந்திக்க இயலும். அவர்களது ஒப்புதலை மேற்பார்வையாளர் முன்னிலையில் பெறுவது ஒப்புதல் ஆகாது. ஆய்வு முடிந்தபின் முடிவுகளைத் தமிழில் அம்மக்களிடமே திரும்பக் கொண்டுசேர்ப்பது நம் பொறுப்பு.

பலர் அஞ்சும் பாடம் புள்ளியியல். அதைத் தனியாகப் படிக்காமல், மூவர் நால்வராகச் சேர்ந்து படிப்பது பயன் தரும். நம் குடியிருப்புகளில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை நடத்தும் மரபு உண்டு. பத்தாம் வகுப்போடு நிற்கும் அம்மரபை முதுநிலை மாணவியருக்கும் விரிக்கலாம்.

இடமும் பணமும்

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு; அதற்குள் அருந்ததியருக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 விழுக்காடு; பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஒரு பிரிவில் ஐந்து இடங்கள் மட்டும் இருந்தால் 18 விழுக்காடு என்பது 0.9. முழு இடம்கூட இல்லை. எல்லாப் பிரிவுகளையும் கூட்டிக் கணக்கிடுகிறார்களா, சுழற்சிமுறை எங்கிருந்து தொடங்குகிறது என்பவற்றைக் கலந்தாய்வுக்கு முன்பே கேட்க வேண்டும். விடை கிடைக்காவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

தலித் கிறித்தவர்களின் நிலை வேறு. 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, பின்னர் 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் உள்ளடக்கியும், கிறித்தவர்களை இன்றும் வெளியே நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுகின்றனர். ஆயினும் ஆதிதிராவிடர் நலத்துறையின் மேற்படிப்பு உதவித்தொகைக்கு மதம் மாறிய ஆதிதிராவிடரும் விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் முழுக் கட்டணம் செலுத்துவோர் உள்ளனர்.

அவ்வுதவித்தொகைக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். மாதம் 18,000 ரூபாய் பெறும் ஒரு செவிலியரின் ஆண்டு ஊதியம் 2,16,000. அதே வீட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் தந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் வந்தாலும் கூட்டுத்தொகை 2,52,000. வரம்பு தாண்டிவிட்டது. படிப்புக்காக வேலையை விடப்போகும் பெண்ணின் பழைய ஊதியத்தை வைத்து அவளது உதவியை மறுப்பது முரண். படிக்கும் காலத்தில் இல்லாத வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

சேமிப்பு ஏன் இல்லை என்பதும் தெரிந்ததே. தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2016-இல் பரிந்துரைத்தது. அது நாடெங்கும் கட்டாய ஊதியமாக மாறவில்லை. அரசுத் துறையிலோ, 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் செவிலியர் ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். நிரந்தரப் பணியாளருக்கு உயர்படிப்பு விடுப்பு உண்டு. தொகுப்பூதியச் செவிலியர் படிக்க விரும்பினால் வேலையை இழக்கும் அச்சத்தோடுதான் முடிவெடுக்க வேண்டும்.

கோரிக்கைகளாக மாற வேண்டியவை

சென்னையில் அரசு வழங்கும் முதுநிலைச் செவிலியர் கல்வி சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியில் உள்ளது. 2021 முதல் விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராகச் சென்ட்ரலை அடைகிறது. எண்ணூரிலிருந்து புறநகர் ரயிலும் உண்டு. கன்டெய்னர் லாரிகளுக்கிடையே பேருந்தில் காத்திருந்த தலைமுறையைவிடப் பயணம் எளிதாகியிருக்கிறது. எஞ்சிய தடைகளும் அகற்றக்கூடியவையே.

தொகுப்பூதியச் செவிலியருக்கும் பணிப் பாதுகாப்புடன் கூடிய படிப்பு விடுப்பு; பிரிவுவாரியான இடஒதுக்கீட்டுப் பட்டியலைக் கலந்தாய்வுக்கு முன் வெளியிடல்; உதவித்தொகையில் மாணவியின் முந்தைய ஊதியத்தை விலக்கல்; சமுதாய நலப் பிரிவின் களப்பயிற்சியை எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் நிலையாக அமைத்தல் ஆகிய நான்கும் உடனடித் தேவைகள்.

3,400 மணி நேரத்தைத் திட்டமிட ஒரு செவிலியரால் முடியும். அந்நேரத்தை அவருக்கு விடுவித்துத் தருவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது இயக்கங்களின் கடமை.