டெட் என்ற சொல்லுக்குள் பி நுழைந்த கதை

1598ஆம் ஆண்டு லண்டனில் ஷேக்ஸ்பியரின் நாடகமொன்று சிறு நூலாக அச்சாகி வெளிவந்தது. ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ என்பது அதன் பெயர். முகப்புத் தாளில் ‘லேபர்’ என்ற சொல் எல், ஏ, பி, ஓ, ஆர் என்று, யூ இல்லாமல், இன்றைய அமெரிக்கர் எழுதும் வடிவிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. 1623இல் அவருடைய நாடகங்கள் பெருந்தொகுப்பாக வெளிவந்தபோது அதே தலைப்பில் யூ வந்து சேர்ந்துவிட்டது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் எந்த அரசும் இதற்காக ஆணை பிறப்பிக்கவில்லை. எந்த அகராதியும் விதி வகுக்கவில்லை. இரண்டு வடிவங்களும் அன்று புழக்கத்தில் இருந்தன. அச்சுக்கோத்தவரின் கைக்கு எது பழக்கமோ அது தாளில் ஏறியது. அமெரிக்கா என்றொரு நாடு தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்தைய செய்தி இது.

அதே நாடகத்தில் ஹோலோஃபர்னீஸ் என்றொரு பள்ளியாசிரியர் வருகிறார். கடனைக் குறிக்கும் ‘டெட்’, ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’ ஆகிய சொற்களில் உள்ள பி என்னும் எழுத்தை ஒலிக்காமல் பேசுவோரைக் கண்டு அவர் கொதிக்கிறார். ஷேக்ஸ்பியர் அவரை நகைப்புக்குரிய பாத்திரமாகவே படைத்தார். சிரிப்புக்குக் காரணம் அன்றைய பார்வையாளர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த பி புதிதாக வந்து உட்கார்ந்த எழுத்து. இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் பிரெஞ்சிலிருந்து வந்தபடியே, பி இல்லாமல், எழுதப்பட்டன. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்களுக்கு லத்தீன் மீது பெரும் மோகம். ‘டெபிட்டும்’, ‘டூபிட்டாரே’ என்னும் லத்தீன் மூலங்களில் பி இருக்கிறதே, அதை ஏன் மறைக்க வேண்டும் என்று எண்ணி எழுத்தில் புகுத்தினார்கள். நாக்கு இணங்கவில்லை, தாள் இணங்கிவிட்டது. பிரெஞ்சு எழுத்தர்களும் இதே வேலையைச் சில காலம் செய்து பார்த்துப் பின்னர் கைவிட்டனர். ஆங்கிலம் கைவிடவில்லை. பற்றுச்சீட்டைக் குறிக்கும் ‘ரிசீட்’ என்ற சொல்லின் ஊமைப் பியும் இந்த வழியில் வந்ததே. (தமிழில் வழங்கும் ‘ரசீது’ இதன் திரிபு போலத் தோன்றினாலும் அது பாரசீக வழிச் சொல்.)

டெட் என்பதன் பிக்கு வம்சாவளியாவது உண்மையானது. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லின் எஸ்ஸுக்கு அதுவும் இல்லை. அது லத்தீனோடு தொடர்பற்ற, தூய ஜெர்மானிய வேர்ச்சொல். பிரெஞ்சு வழி வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு, லத்தீன் ‘இன்சுலா’வின் எஸ்ஸை இதற்குள்ளும் நுழைத்துவிட்டார்கள். 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் முதற் பதிப்பில் எஸ் இல்லாத ஐலண்டைக் காணலாம். பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்ற சொல்லின் எச் வந்த வழி இன்னும் வேடிக்கையானது. 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் அதற்கு முன் நெடுங்காலம் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். ஃபிளெமிய மொழி எழுத்துப் பழக்கம் அவருடைய அச்சகத்தின் வழியே அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது என்பதே பொதுவான விளக்கம்.

ஹோலோஃபர்னீஸின் ஆசை இங்கிலாந்தில் நிறைவேறவில்லை. இந்திய வகுப்பறைகளில் ஓரளவு நிறைவேறியது எனலாம். ‘டெப்ட்’ என்றும் ‘ஐஸ்லண்ட்’ என்றும் வாசிக்கும் குரல்களை நாட்டின் எந்த மூலையிலும் கேட்கலாம். இதில் அறியாமை ஏதுமில்லை. இந்நாட்டில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் காது வழியே அல்ல, புத்தகத்தின் வழியே வந்தது. எழுதியிருப்பதை வாசிப்பதே முறை என்று பயின்ற நாக்கு, எழுத்தை நம்பியதால் ஏமாந்தது.

1755இல் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வெளிவந்தது. ஏறக்குறைய 42,000 சொற்கள் கொண்ட இரண்டு பெருந்தொகுதிகள். எழுத்துக்கூட்டலை நிலைப்படுத்தியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் சீர்திருத்தவாதி அல்லர், வழக்கத்துக்குத் தலைவணங்கியவர். ‘டிசீட்’ என்பதில் பி இல்லை, அதன் உடன்பிறப்பான ‘ரிசீட்’ என்பதில் உண்டு. இந்த முரண் தமக்குத் தெரியும் என்பதையும், பெரும்பான்மையோர் எழுதுகிறபடியே எழுதுவதாகவும் முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். இன்று இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர், ஜான்சன் அறிந்தே விட்டுவைத்த பள்ளத்தில்தான் விழுகிறார்.

ஜான்சன் யூவை விரும்பியவர். ‘ஹாரர்’, ‘டெரர்’ முதலியவற்றையும் ஓ, யூ, ஆர் என்றே முடித்தார். பிழை என்று பொருள்படும் ‘எரர்’ என்ற சொல்லையும் அப்படியே எழுதினார். அவர் எழுதியபடி இன்று எழுதினால், பிழை என்ற சொல்லே பிழையாகிவிடும். பின்னாளில் பிரிட்டிஷாரே இவற்றிலிருந்து யூவை நீக்கினர். ‘கலர்’, ‘ஆனர்’, ‘லேபர்’ போன்றவற்றில் மட்டும் வைத்துக்கொண்டனர். ஏன் இவை, ஏன் அவையல்ல என்பதற்கு வலுவான விதி ஏதுமில்லை.

எஞ்சியதை முடித்துவைத்தவர் அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர். 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துப் பயிற்சி நூல் அடுத்த நூற்றாண்டு முழுவதும் பல கோடிப் படிகள் விற்றது. 1789இல் எழுதிய கட்டுரையில் ஊமை எழுத்துகளை ஒழிக்க வேண்டும் என்றார். காரணங்களில் ஒன்று தேசப்பற்று, இன்னொன்று வணிகம். எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் அமெரிக்க நூல்கள் அமெரிக்காவிலேயே அச்சாக வேண்டியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். 1806இலும் 1828இலும் வந்த அவருடைய அகராதிகள் யூ இல்லாத கலரையும், இ, ஆர் என முடியும் சென்டரையும் நிலைநாட்டின. ஆனால் நாக்கைக் குறிக்கும் சொல்லை டி, யூ, என், ஜி என்று எழுதலாம் என்ற பரிந்துரையைச் சொந்த நாட்டாரே ஏற்கவில்லை. கண்ணுக்கு உறுத்தாத மாற்றங்கள் மட்டுமே பிழைத்தன.

அதிபர் அதிகாரமும் இங்கே செல்லவில்லை. 1906 ஆகஸ்டில் தியடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய கூட்டலில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். நாளிதழ்கள் எள்ளி நகையாடின, நாடாளுமன்றம் எதிர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆணை கைவிடப்பட்டது. அந்தப் பட்டியலில் கணிசமான சொற்கள் ஏற்கெனவே அமெரிக்க வழக்கில் இருந்தவை என்பதைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை.

இந்தியாவில் இந்த வரலாறு மதிப்பெண்ணாக மாறுகிறது. அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் எழுத்துப்பிழையுள்ள சொல்லைக் கண்டுபிடிக்கும் வினாக்கள் உண்டு. ஒரு மதிப்பெண் ஒரு வேலையைத் தீர்மானிக்கக்கூடும். ‘அகாமடேஷன்’ என்ற சொல்லுக்கு இரண்டு சி, இரண்டு எம் வேண்டும். ஒரு எம்மோடு நிற்கும் விடுதிப் பலகைகள் நாடெங்கும் உண்டு. அந்த இரட்டை எழுத்துகள் காதில் விழுவதில்லை. லத்தீன் முன்னொட்டுகள் இரண்டு அடுத்தடுத்து ஒட்டியதன் தழும்புகள் அவை. ‘செப்பரேட்’ என்பதன் நடு உயிரெழுத்தும் அப்படியே: பேச்சில் தேய்ந்துவிட்ட ஒலிக்கு ஏ எழுதுவதா இ எழுதுவதா என்பதை லத்தீன் அறிந்தவரே ஊகிக்க முடியும். அதைக் கற்பிக்காமலே விடையை மட்டும் கேட்கிறார்கள்.

இதைவிட வருத்தமானது, சரியானதையே பிழை எனத் திருத்துவது. ‘ரியலைஸ்’, ‘ஆர்கனைஸ்’ போன்ற சொற்களை இசட் இட்டு எழுதினால் அமெரிக்கப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி தொடக்கம் முதல் இசட்டையே முதன்மை வடிவாகக் கொண்டுள்ளது. கிரேக்க மூலத்தில் அந்த ஒலி இருப்பதே காரணம். ‘புரோகிராம்’ என்பதன் நீண்ட வடிவமும் பிரிட்டனின் பழஞ்சொத்து அன்று. ஓர் எம்மோடு முடியும் வடிவமே அங்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மோகத்தில் வால் நீண்டது.

இந்தியா எல்லாவற்றிலும் லண்டனைப் பின்பற்றியதும் இல்லை. சிறைக்கு இங்கிலாந்தில் ஜி, ஏ, ஓ, எல் என்ற கூட்டல் நெடுங்காலம் வழங்கியது. 1898இல் வெளிவந்த ஆஸ்கர் வைல்டின் சிறைக் கவிதைத் தலைப்பிலும் அதுவே. இந்தியாவை ஆண்ட அதே பிரிட்டிஷ் நிர்வாகமோ இங்கே ‘ஜெயில்’ என்பதை ஜே இட்டு எழுதியது. 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்தமான் செல்லுலர் சிறையின் பெயரிலும், 1919–20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைக் குழுவின் பெயரிலும் இருப்பது வெப்ஸ்டரின் அகராதி விரும்பிய அந்த வடிவம்தான்.